மூன்றாவது அடுப்பு: கல்யாண விருந்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

போன ஆண்டு என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்கிற முறையில் விருந்துப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்கள். கறியோ கருவாடோ இல்லாமல் வாரம் கழியாது. மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. தலைமுறைகளாகக் கவிச்சி தொடாத சைவக் குடும்பம். பிள்ளைகள் தாமே தேர்ந்துகொண்ட சம்பந்தம். சாதி குறித்த சண்டைகள் ஒன்றரை வருஷம் நடந்து ஓய்ந்திருந்தன. புரோகிதர் வேண்டாம், ஜாதகம் வேண்டாம், வரதட்சணை என்ற பேச்சே கூடாது என்பது வரை இரு வீட்டாரும் ஒத்துப்போனோம். ஒத்துப்போகாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான்: சாயங்கால விருந்துக்கு என்ன போடுவது?

"அண்ணாச்சி, எங்க பக்கம் வாரவங்க ஒருத்தரும் கவிச்சி தொட மாட்டாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரே சாப்பாடு, சைவமாப் போட்டுருவோம். யாருக்கும் சங்கடமில்ல பாருங்க" என்றார் சம்பந்தி. நல்ல மனிதர். மகனுக்காகச் சொந்தத்தில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர். அவர் சொன்னதில் சூது எதுவும் இல்லை. ஆனால் அந்தப் 'பொதுவா' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எதிர்பார்த்த 600 பேரில் அவர் பக்கம் 200, எங்கள் பக்கம் 400. இருநூறு பேர் உண்பது 'பொது'. நானூறு பேர் உண்பது 'தனி'. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல இது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள். ஆனால் இங்குள்ள இந்துக் குடும்பங்களின் முகூர்த்தப் பந்தி பெரும்பாலும் சைவப் பந்தி. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத ஒரு சிறுபான்மையின் உணவு 'பொது' உணவாகவும், மற்றவர்களின் உணவு மறுநாளைக்கும் கொல்லைப்புறத்துக்கும் உரியதாகவும் ஆனது எப்படி என்பதே இங்கே என் கேள்வி.

இதற்குச் சட்டென்று வரும் பதில் ஒன்று உண்டு. கறி தின்கிறவன் கத்திரிக்காயும் தின்பான். கத்திரிக்காய் தின்கிறவனால் கறி தின்ன முடியாது. எனவே சைவமே எல்லாருக்கும் பொது. இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது நிறுவுவது ஒன்றைத்தான்: விருந்தில் சைவம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை. அசைவம் இருக்கவே கூடாது என்பதை இது நிறுவவில்லை. 'இது இருக்க வேண்டும்' என்பதற்கும் 'அது இருக்கக் கூடாது' என்பதற்கும் இடையிலான தூரத்தில்தான் வரலாறு கிடக்கிறது.

2

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'சைவம்' ஒரு சமயத்தின் பெயர். அது உணவின் பெயரானது பின்னால். பிறகு அதன் மறுதலையாக 'அசைவம்' என்றொரு சொல் உண்டாக்கப்பட்டது. ஊன், புலால், கறி என்று தனக்கென்று பெயர்கள் வைத்திருந்த ஓர் உணவு இன்னொன்றின் இன்மையாகப் பெயர் மாற்றப்பட்டது. 'மரக்கறி' என்ற சொல்லை ஈழத் தமிழர் இன்றும் வழங்குகிறார்கள். அந்தச் சொல்லில் இரண்டும் கறிதான். ஒன்று மரத்தில் விளைந்தது, அவ்வளவே. நம் வழக்கில் அந்தச் சமத்துவம் போய்விட்டது. பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய உணவு இயல்பானதாகவும் மற்றது அதிலிருந்து வழுவியதாகவும் அமைந்தன.

அகநானூற்றில் கல்யாணத்தை விரிவாகச் சொல்லும் பாட்டுகள் இரண்டு. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டில் விருந்து உளுந்தும் அரிசியும் சேர்ந்த பொங்கல். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டில் நெய் மிகுந்த வெண்சோறும் புழுக்கும். புழுக்கு என்பதற்கு இறைச்சி என்றே உரைகாரர்கள் பொருள் கொள்வர். இரண்டிலும் புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை. ஒன்றில் பருப்பு, ஒன்றில் கறி. இரண்டும் ஒரே தொகைநூலில் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு 'ஆதித் தமிழன் கறி தின்றான்' என்று பெருமைபாடுவது என் நோக்கமல்ல. அது இன்னொரு வகைப் பழம்பெருமை. கல்யாணத்துக்கும் சைவத்துக்கும் இயற்கையான பந்தம் எதுவும் இல்லை என்பதற்கு மட்டுமே இது சாட்சி.

புலால் மறுப்பு முழுவதையும் பார்ப்பனியத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. சமண பௌத்த அறம் அதற்குள் இருக்கிறது. குறளில் அதற்கென்று தனி அதிகாரம் இருக்கிறது. சாதி பாராமல் பசித்தவர் எவருக்கும் சோறிட வேண்டும் என்று வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார்; அந்த அடுப்பில் புலால் ஏறியதில்லை. கொல்லாமை வேறு, தீட்டு வேறு. முன்னது தன் இலையைப் பற்றியது. பின்னது பக்கத்து இலையைப் பற்றியது. நம் கல்யாணப் பந்திகளை ஆள்வது முன்னதா பின்னதா என்பதே விஷயம்.

3

என் அம்மாவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவள். மாப்பிள்ளை வீட்டாரைவிட அவள்தான் பிடிவாதமாக நின்றாள். "ஏய்யா, தாலி கட்டுன அன்னிக்கு அடுப்புல கவிச்சி ஏறக் கூடாதுய்யா. மறுநா மாப்பிளைக்குக் கோழியடிச்சுக் கொழம்பு வப்போம். அதான வழக்கம்."

"எப்ப இருந்தும்மா இந்த வழக்கம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க அம்மா கல்யாணத்துல கெடா வெட்டுனதாத்தான் பெரியாத்தா சொல்லும். அப்ப அய்யரு வரல. ஊர்ப் பெரியாளு தாலி எடுத்துக் குடுத்தாரு. எங்க கல்யாணத்துலதான் அய்யரு வந்து தீ வளத்தாரு."

ஒரு வீட்டின் ஞாபகம் ஒரு நாட்டின் வரலாறு ஆகிவிடாது. ஆனால் எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றிய தம் நூலில் சமஸ்கிருதவயமாதல் என்று பெயரிட்ட அசைவை அம்மா நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். பந்தலுக்குள் புரோகிதர் வந்தபோது கறி வெளியேறியது. வெளியேறியது நம் கையாலேயே. யாரும் தடியெடுத்து விரட்டவில்லை.

அடுத்து அம்மா சொன்னது இன்னும் முக்கியமானது. அந்தச் சைவப் பந்தி 'எல்லாருக்கும்' பொதுவாக இருந்ததா? முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பிறகு பங்காளிகள், பிறகு ஊரார். சலவைக்காரரும் நாவிதரும் கடைப்பந்திக்கும் கடைசியில். கொட்டடித்தவர்களுக்கும் சேரியிலிருந்து வந்து பந்தல் போட்டவர்களுக்கும் இலையே கிடையாது. மாட்டுத்தொழுவத்துப் பக்கம் உட்காரவைத்து, அவர்கள் கொண்டுவந்த ஏனத்தில் ஊற்றினார்கள். சாம்பார் ஒன்றுதான். அண்டா ஒன்றுதான். பந்தி மட்டும் ஒன்றல்ல. உணவு பொதுவாக இருந்த காலத்தில் உண்ணுமிடம் பொதுவாக இல்லை. 'சைவம் போட்டால் யாருக்கும் சங்கடமில்லை' என்ற வாக்கியத்தில் அந்தத் தொழுவத்துச் சங்கடம் கணக்கில் வருவதே இல்லை.

இதை உடைத்த வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு என்பது 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளந்த பிரச்சினையானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி இலையில் என்ன இருந்தது என்பதல்ல. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கென்று ஒதுக்கியிருந்த தனி இடம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் நடந்தது. எங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லாத அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928இல் முதல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. அத்தகைய திருமணங்களுக்கு 1967இல் சட்டம் இயற்றப்பட்டது.

இந்தப் போராட்டங்கள் பந்தியைப் பெருமளவுக்குப் பொதுவாக்கின. ஆனால் அவை பட்டியலைத் தொடவில்லை. நான் போய்வந்த சீர்திருத்தக் கல்யாணங்கள் பலவற்றில் மேடையில் தலைவர் இருப்பார், மந்திரம் இருக்காது, பேச்சில் அனல் பறக்கும். கீழே பந்தியில் அப்பளம், அவியல், பாயசம். சமைத்தவர் அக்கிரகாரத்திலிருந்து வந்திருப்பார். மேடையிலிருந்து இறக்கிவிட்ட ஒருவரை அடுப்படியில் அமர்த்திக்கொண்டோம். அவர் கையால் சமைத்தால் எந்தச் சாதியாரும் சாப்பிடுவார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம். 'எல்லாரும் ஏற்கும் உணவு' என்பதன் பொருள் இதுதான்: ஏணியின் உச்சிப் படியிலிருந்து கீழே வரும் சோற்றை எல்லாரும் வாங்கலாம், கீழ்ப்படியிலிருந்து மேலே போகும் சோற்றை யாரும் வாங்கமாட்டார்கள். இந்த ஒருவழிப் பாதைக்குத்தான் நாம் 'பொது' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

4

எல்லாவற்றையும் கருத்தியலில் போட்டு விளக்கிவிட முடியுமா என்ற கேள்வியும் வரும். முடியாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர்ச் சமையல்காரர். அவர் சொன்ன கணக்கு: பிரியாணி என்றால் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி. 600 பேருக்கு 60 கிலோ கறி, அதாவது ஐந்தாறு கிடா. அன்று காலையில் அறுத்து அன்றே ஆக்கி முடிக்க வேண்டும். கூட நூறு பேர் வந்தால்? "சாம்பார்னா ஒரு கொடம் வெந்நி ஊத்தி ரெண்டு கரண்டி பொடியப் போட்டுச் சமாளிச்சிரலாம் சார். கறிய எங்க போயி இழுக்க? துண்டு எண்ணிக்கைல்ல!"

உண்மை. கறித்துண்டு எண்ணப்படும் பொருள். யாருக்கு நல்லி எலும்பு போனது, யாருக்கு வெறும் குழம்பு போனது என்பதில் சம்பந்திச் சண்டைகள் மூண்டிருக்கின்றன. குளிர்பெட்டி இல்லாத காலத்தில், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத கூட்டத்துக்கு நீட்டிக்கக்கூடிய உணவைப் போட்டு, கறியை எண்ணித் தெரிந்த சொந்தங்களுக்கு மறுவீட்டில் வைத்தது ஒரு நடைமுறை அறிவு.

ஆனால் இந்த நடைமுறை அறிவு காதுகுத்துக்கு மட்டும் ஏன் பொருந்துவதில்லை? குலதெய்வக் கோயிலில் அதே சொந்தங்கள், அதே கூட்டம், அதே சமையல்காரர்; அங்கே கிடா வெட்டித்தான் விருந்து. சைவம் கேட்பவருக்குத்தான் அங்கே தனியாக ரசம். ஆக எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. எந்தச் சாமி முன்னால் உண்கிறோம் என்பதும் காரணம். கிடா வெட்டு அரசின் கண்ணிலும் உறுத்தியது. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் தமிழக அரசு தூசிதட்டி எடுத்து அமலாக்கியது. கிராமத்துச் சாமிகள் பட்டினி கிடந்தன, எதிர்ப்பு கிளம்பியது, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. கறிவிருந்து தன்னைக் காத்துக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

கல்யாணம் இதற்குள் வீட்டு வாசலை விட்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. நாங்கள் பார்த்த மண்டபத்தில் 'அசைவம் சமைக்கவோ பரிமாறவோ அனுமதி இல்லை' என்று பலகை. உரிமையாளர் எங்களைப் போலக் கறி தின்கிறவர்தான். "நான் திங்காத கறியா சார்? இங்க சமைச்சோம்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் வாடகைக்கு வரமாட்டான்" என்றார். அம்மா காலத்தில் வழக்கமாக இருந்தது இப்போது வாடகை ஒப்பந்தத்தின் ஷரத்தாகிவிட்டது. வழக்கத்தோடு சண்டை போடலாம். ஷரத்தோடு எப்படிப் போடுவது?

பந்தியிலிருந்து விரட்டப்பட்ட பிரிவினை உணவின் பெயரால் திரும்பிவருவதற்கு வேறு உதாரணமும் உண்டு. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவர் உணவுக்கூடத்தில் சைவருக்குத் தனி வாசல், கைகழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு அகற்றப்பட்டது. கைகழுவும் குழாயில் என்ன கவிச்சி? 1924இன் குருகுலம் 94 வருஷம் கழித்து வேறு பெயரில் திறந்துகொண்டது.

5

நேர் எதிரான ஒரு பண்பாடும் நம்மிடையே இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் கல்யாணங்களில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்து உண்பார்கள். பக்கத்து இலை என்ற கருத்தே அங்கு இல்லை. அதே வீட்டார் இந்து நண்பர்களை அழைக்கும்போது தனியாகப் பந்தல் போட்டு, தனிச் சமையல்காரர் வைத்து, சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் உணவை மறைக்காமலும் விருந்தாளியின் உணவை மறுக்காமலும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதையே முன்மாதிரியாக வைத்துச் சம்பந்தியிடம் பேசினேன். மண்டபம் வேண்டாம்; எங்கள் ஊர்க் களத்துமேட்டில் பந்தல். அடுப்பு இரண்டு. திருநெல்வேலிச் சமையல்காரர் சொதி வைப்பார். சொதிக்கு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். எங்கள் ஆள் ஆட்டுக்கறிக் குழம்பும் சுக்காவும். பாத்திரம், கரண்டி, பரிமாறும் ஆள் எல்லாம் தனித்தனி. சைவ வகைகள் எல்லா இலைக்கும். கறி கேட்ட இலைக்கு மட்டும். பந்தி ஒன்றே.

"அண்ணாச்சி, பெரியவங்களுக்கு வாடை ஒத்துக்காது" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. முதல் இரண்டு வரிசைக்குள் கறி வாளி போகாது, பலகை எதுவும் வைப்பதில்லை, யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று முடிவானது. அம்மாவை வழிக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இந்த ஏற்பாட்டைப் பெருமையோடு தோழர் ஒருவரிடம் சொன்னேன். பக்கத்து ஊர்ச் சேரிக்காரர்; முப்பது வருஷப் பழக்கம். சிரித்தார். "ரெண்டு அடுப்பு, ரொம்ப நல்லது தோழர். எங்க வீட்டு அடுப்பு எங்க?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. 'அசைவம்' என்று நாம் பட்டியலில் எழுதும்போது அது ஆட்டையும் கோழியையும் மட்டுமே குறிக்கிறது. மாட்டுக்கறி அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை. 'அசைவம்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் தமக்குள் இன்னொரு ஒதுக்கலை வைத்திருக்கிறோம். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்றானது. அது பாகுபாடு என்று தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் எழுதினார். அதற்கு முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' உரையில் சமபந்தியால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். நாம் கலப்பு மணமும் செய்தோம், பந்தியையும் ஒன்றாக்கினோம். சாதி என்ன செய்தது? சமையல் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது அடுப்பைப் பற்றி நான் சம்பந்தியிடம் பேசவில்லை. அவர் மறுப்பார் என்பதால் அல்ல. எங்கள் பங்காளிகள் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால். கேட்டிருந்தால் அவர் ஒருவேளை சரி என்றிருப்பார். எங்கள் ஆட்கள்தான் இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பார்கள். 'சைவ ஆதிக்கம்' பற்றி இவ்வளவு எழுதுகிற நான் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

6

விருந்து நடந்தது. முதல் இரண்டு வரிசையில் திருநெல்வேலிப் பெரியவர்கள். அவர்களோடு எங்கள் பக்கத்தில் கறியை விட்டுவிட்ட சிலரும். அவர்கள் வீட்டு இளவட்டங்கள் மூன்றாவது நான்காவது வரிசைகளில் கலந்து உட்கார்ந்தார்கள். யார் என்ன கேட்டு வாங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் சொதியை மூன்றுமுறை கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் ஆச்சி, எழுபத்தெட்டு வயது, முதல் வரிசையில் இடமிருந்தும் நேரே வந்து என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "மதினி, என் இலைல மட்டும் வச்சிராதீங்க. மத்தபடி நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அம்மா தன் இலையில் விழ வந்த கறியைக் கையால் மறித்துவிட்டு அவரோடு சேர்ந்து சொதிச்சோறு தின்றாள். அம்மா செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. மரியாதையா, பழைய வழக்கமா? இரண்டும்தான் போல.

தோழர் வந்திருந்தார். நான்காவது வரிசையில் எங்கள் பங்காளிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டார். அவருடைய தாத்தா எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தொழுவத்துப் பக்கம் ஏனம் ஏந்தியிருக்கக்கூடும். அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது, சின்ன விஷயமில்லை. மொய் எழுதிவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "தை மாசம் என் மகனுக்குக் கல்யாணம். சொதி வைக்க ஒங்க திருநெல்வேலி ஆளையே சொல்லிவிடுங்க. ஆட்டுக்கு ஒரு அடுப்பு, மாட்டுக்கு ஒரு அடுப்பு, ஆக மூணு. பந்தி ஒண்ணுதான். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

சொதிக்காரரிடம் பேசிவிட்டேன். வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.